திருமழிசை வழியாக அந்தமான்

என் பெண்ணுக்கும் மருமகனுக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்திருக்கிறது. எங்களையும் கூட்டிக்கொண்டு அந்தமான் போவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அவள் போனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் நாள் ஜெயில், மறுநாள் கண்ணாடிப் படகு, அதற்கடுத்து மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது என்று படம் படமாகத் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தவள், "நீதான் சின்ன வயசுலயே போயிருக்கியேம்மா, எது நல்லா இருக்கும், சொல்லேன்" என்றாள். மருமகனும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். குக்கரை இறக்க வேண்டும் என்று சொல்லி எழுந்துவிட்டேன். அடுப்பில் குக்கர் இல்லை.

நான் அந்தமான் போனதில்லை. ஆனால் அம்பத்தூர் மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த தெருவைப் பொறுத்தவரை நான் அங்கே போய்வந்தவள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அம்மா, காபி கொடுத்த கையோடு, "சின்னதுலயே கப்பல் ஏறினவ" என்றாள். அந்தப் பேச்சு இன்றுவரை என் பின்னாலேயே வருகிறது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அம்மாவின் தம்பி அந்தமானில் மின்சார வேலையில் இருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த மாமா கதை கதையாகச் சொல்வார். படகின் அடியில் கண்ணாடி பதித்திருப்பார்களாம், காலுக்குக் கீழே மீன் போகுமாம். மரம் இழுக்கும் யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கடலில் நீந்திப் போவதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். ஒரு கோடை விடுமுறைக்கு எல்லோரும் வந்தே தீர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததில் அப்பா சம்மதித்துவிட்டார்.

அப்பா எதையும் முறையாகச் செய்பவர். எந்த மெஷினில் என்றைக்கு என்ன வேலை என்று கம்பெனியில் பிரிப்பதுபோல, எங்கள் விடுமுறையையும் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தார். அம்மாவுக்கு ஜெயில் பார்க்க வேண்டும். அக்காவுக்குக் கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கண்ணாடிப் படகு. எனக்கு யானை.

வெளியூர் போகிறவர்கள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போவது எங்கள் தெருவில் வழக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம் என்றாலே சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அம்மாவோ கப்பலில் போகிறவள். பட்டுப்புடவைக்கு அடுத்தபடியாக இருந்த புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். வாந்திக்கு ஆகும் என்று எல்லோரும் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். எதிர் வீட்டம்மா மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. "தீவுக்கா போற? ஜாக்கிரதையா போய்க்கினு வா. எனக்கு ஒரு நல்ல சங்கா எடுத்தாந்துடு. மறந்துட்டேன்க்கான்னு மட்டும் வந்து நிக்காத" என்றாள்.

அந்த எதிர் வீட்டம்மா வைக்கிற பட்டப்பெயர் ஒட்டினால் உரியாது. தெருக்கோடியில் ஒரு வெல்டர் இருந்தார். துபாய் வேலைக்கென்று தெருவே மாலை போட்டு அவரை வழியனுப்பியது. பம்பாய் வரை போனவரை ஏஜென்ட் ஏமாற்றிவிட, அதே பெட்டியோடு திரும்பி வந்தார். "இன்னா துபாய், ஒட்டகமெல்லாம் சவுக்கியமா?" என்று எதிர் வீட்டம்மா வாசலிலிருந்தே கேட்டாள். அவருடைய சொந்தப் பெயர் அன்றோடு போயிற்று. பெரியவர்கள் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். நாங்கள், சிறுசுகள், அவர் சைக்கிளில் போகும்போது பின்னாலிருந்து "துபாய்! துபாய்!" என்று கத்திவிட்டு ஓடி ஒளிவோம். போன வருடம் அவர் இறந்தபோது தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் பெயருக்கு முன்னால் அதைத்தான் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதற்குக் கீழே இருந்த பெயரை அன்றுதான் நான் முதல்முறை படித்தேன்.

கிளம்பிய அன்று டிரங்குப் பெட்டி, புளிசாதம், எலுமிச்சம்பழங்கள் எல்லாவற்றோடும் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். கப்பல் நின்றுகொண்டிருந்தது. இன்ஜினில் ஏதோ கோளாறாம், போகாது என்றார்கள். எப்போது போகும் என்று அப்பா கேட்டார். கேட்டில் நின்றவர் கையை விரித்தார். அப்பா போய் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு வந்தார். மத்தியானம் வரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்கு அந்த லீவை விட்டால் வேறு லீவு இல்லை.

"சரி, ஊட்டுக்குப் போலாம்" என்றார் அப்பா.

"எந்த மூஞ்சிய வெச்சிகினு?" என்றாள் அம்மா. "ஒரு ஊடு பாக்கியில்லாம சொல்லிட்டு வந்துகீறேன்."

"நாளைலேர்ந்து நமக்கு அந்தமான்னு பேரு" என்றாள் அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அப்பா பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பாரிஸ் கார்னர் வந்ததும் அம்பத்தூர் பஸ் பக்கம் போகாமல், பூந்தமல்லி பஸ்ஸில் ஏறச் சொன்னார்.

பூந்தமல்லியில் பஸ் மாறி நாங்கள் போய் நின்றது திருமழிசையில், அப்பாவின் தங்கை வீட்டு வாசலில். அத்தைக்கும் அம்மாவுக்கும் ஒரு காதுகுத்து விசேஷத்தில் ஏற்பட்ட மனத்தாங்கலில் ரொம்ப நாளாகப் பேச்சில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்ட அம்மா, அத்தைக்கு மட்டும் சொல்லியனுப்பவில்லை. அத்தை எங்கள் பெட்டியைப் பார்த்தாள். அப்பா தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார்.

"வாங்க அண்ணி, வாங்க" என்றாள் அத்தை. "எங்க ஊட்டாண்ட கப்பல் வந்து நிக்குதுன்னு எனக்கே தெரியாம போச்சு பாருங்க."

அம்மா பதில் சொல்லாமல் குனிந்த தலையோடு உள்ளே போனாள். அதற்கு முன்னும் பின்னும் யாருடைய பேச்சுக்கும் அம்மா பதில் சொல்லாமல் போய் நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து அப்பா மறுபடி விடுமுறையைப் பிரிக்க ஆரம்பித்தார். போகாத ஊரில் என்றைக்கு எங்கே போனோம் என்பது நாலு வாயிலும் ஒன்றுபோல வர வேண்டும் அல்லவா? மாமா எப்போதோ சொன்னதையெல்லாம் நினைவுபடுத்தி, கப்பலில் என்ன சாப்பிட்டோம், ஜெயிலில் எத்தனை மாடி, படகில் யார் பயந்தது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்தார். சாயங்காலமானால் எங்களை உட்காரவைத்துப் பாடம் கேட்பதுபோலக் கேட்பார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அத்தை, பிறகு முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"படகுல அண்ணிதான் பயந்தாங்கன்னு வெச்சிக்கோண்ணா. அப்பதான் நம்புவாங்க."

"நான் எதுக்கு பயப்படறேன்?" என்றாள் அம்மா.

"கப்பல் ஏறாததுக்கே இந்த பயம் பயப்படறீங்களே அண்ணி."

அக்கா சிரித்துவிட்டாள். அம்மாவும் லேசாகச் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் யானையைப் பற்றிக் கேட்டேன். அப்பா யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "நெஜமாவே இருந்தாலும் அத எவனும் நம்பமாட்டான். யானை பேச்சே எடுக்கக்கூடாது, இன்னா?"

தீவில் சுற்றிவிட்டு வருகிறவர்கள் கறுத்துப்போய் வர வேண்டாமா என்று இன்னொரு நாள் அத்தை கேட்டாள். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. உச்சி வெயிலில் எங்களை மொட்டை மாடியில் நிறுத்தினார். ஒரு பக்கம் அத்தை பிழிந்த வடகம், மறுபக்கம் நாங்கள். பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த ஒரு பெண் எங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கூச்சத்தில் நான் அம்மாவின் முந்தானைக்குள் போனேன். அம்மா என்னை வெளியே இழுத்து வெயிலில் விட்டாள். அம்மாவின் முகமும் சரியாக இல்லை.

அத்தையின் கணவர் மெரினாவுக்குப் போய்ச் சங்கும் சிப்பியும் வாங்கி வந்தார். எல்லாவற்றுக்கும் பளபளவென்று பாலீஷ் போட்டிருந்தது. கடலிலிருந்து பொறுக்கியது அப்படியா இருக்கும்? அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து, புளியும் செங்கல் தூளும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்து மங்கலாக்கினாள். விரல் சிவந்துபோகும் வரை தேய்த்தாள்.

பிள்ளைகள் வெளியே தலைகாட்டக் கூடாது என்பது கட்டளை. ஆனால் ஒருநாள் காலை அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது அத்தை என்னைக் கடலைமாவு வாங்கிவர அனுப்பினாள். கடை நெடுஞ்சாலை ஓரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். மாவுப் பொட்டலத்தோடு திரும்பினால், அடுத்திருந்த டீக்கடையில் கையில் கிளாஸோடு துபாய் நின்றுகொண்டிருந்தார். அங்கே தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனியில் வெல்டிங் வேலைக்கு அவர் வந்துபோவது எங்களில் யாருக்கும் தெரியாது.

"அடடே, நீ எங்க இங்க? அந்தமான் போவல?" என்றார்.

"நான் அவ இல்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. தெருவில் விழுந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர். நான் புருவத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

"எவ இல்ல?"

"நீங்க சொன்ன பொண்ணு. நான் வேற."

டீயை ஒரு வாய் குடித்தார். "அப்படியா? அச்சு அசலா எங்க தெரு பொண்ணாட்டமே கீறியா, அதான் கேட்டுட்டேன். அது இன்னேரம் கப்பல்ல போய்க்கினு இருக்கும்" என்றார். கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு தேங்காய் பிஸ்கட்டை எடுத்து என் கையில் வைத்தார். "ரோட்டப் பாத்து கிராஸ் பண்ணு, கண்ணு."

நான் ஓடியே வந்தேன். பிஸ்கட்டை வழியிலேயே தின்றுவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அடி விழும் என்ற பயம் ஒரு பக்கம். ஒரு பெரிய ஆளைத் தனியாக ஏமாற்றிவிட்டோம் என்ற பெருமையும் உள்ளுக்குள் இருந்தது.

திரும்புகிற நாளில் திருமழிசையிலிருந்து நேராக அம்பத்தூர் போகாமல், பாரிஸ் வரை போய், அங்கிருந்து அம்பத்தூர் பஸ் பிடித்தோம். துறைமுகத் திசையிலிருந்துதான் வந்து இறங்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். கிளம்பும்போது அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் தெருவே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சங்கும் சிப்பியும் எடுத்து எடுத்துக் கொடுத்தார். ஜெயில் நல்லபடியாக முடிந்தது. படகில் அம்மா பயந்ததற்கு எல்லோரும் சிரித்தார்கள். எதிர் வீட்டம்மா தன் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "நீ இன்னா கண்ணு பாத்த?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை நாள் படித்த பாடம் முழுக்க மறந்துபோயிற்று. "யானை" என்றேன். "கடல்ல நீந்திச்சு."

சிரிப்பு வெடித்தது. எதிர் வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "யானை நீஞ்சிச்சா? ஏங்கண்ணு, மெய்யாலுமே நீங்கல்லாம் கப்பல் ஏறினீங்களா? இல்ல, சொம்மா எங்கியாவது போய் குந்தினு வந்தீங்களா?"

அப்பாவின் கையில் ஒரு சிப்பி அப்படியே நின்றது. அம்மா அடுக்களை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தெருவில் இனி எங்கள் பெயர் என்ன என்பது அடுத்த வார்த்தையில் இருந்தது.

"யானை நீஞ்சும்க்கா" என்று வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த துபாய், கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "பம்பாய்ல எங்கூட அந்தமான்காரன் ஒத்தன் தங்கியிருந்தான். அவனும் சொல்லிகீறான். அப்பால, இவுங்க கப்பல் ஏறினத நான் பாத்தேன். அன்னைக்கி ஹார்பர்லதான் எனக்கு வேலை. இந்தப் பொண்ணு மேல நின்னுகினு கை ஆட்டிச்சு. நானும் கீழருந்து ஆட்டினேன், பாக்கல."

எதிர் வீட்டம்மா என் கன்னத்தை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "உன்ன யாருய்யா கேட்டது? நீ பாத்தது கப்பலா, ஒட்டகமா?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. எங்களைப் பார்த்துச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. அவரும் கூடவே சிரித்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு பேச்சு முழுக்கத் துபாயையும் ஒட்டகத்தையும் சுற்றித்தான் போயிற்று. யானையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். அப்பா மட்டும் கையிலிருந்த சிப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மாமாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. போய்வந்த ஊருக்கு மறுபடி போக வேண்டும் என்று சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை.

சங்கு கொடுத்த அந்தச் சாயங்காலத்திலிருந்து அப்பா அந்த வெல்டரைத் துபாய் என்று சொன்னதில்லை. தன்னைவிட இளையவரான அவரை "வாங்கண்ணே" என்றார். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவர் சைக்கிள் வந்தால் எழுந்து நிற்பார். ஏன்ப்பா என்று ஒருமுறை கேட்டேன். போய்ப் படி என்றார்.

எனக்கு அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. கப்பலில் எவளோ ஒருத்தி கையாட்டியதை நான் என்று நினைத்திருக்கிறார். டீக்கடையில் என்னையே நேருக்கு நேர் பார்த்துவிட்டு, நான் இல்லை என்று நம்பியிருக்கிறார். இப்படிப்பட்டவரை ஏஜென்ட் ஏமாற்றியதில் ஆச்சரியம் என்ன என்று தோன்றியது.

யானைப் பேச்சு நடந்ததற்கு மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகள் வழக்கம்போல மறைந்து நின்று கத்தினார்கள். நானும் கத்தினேன். அவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பினார். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். மாட்டிக்கொண்டது நான் மட்டும். அவர் திட்டவில்லை. கரையில் நின்று கப்பலை வழியனுப்புகிறவர்போல ஒரு கையை உயரத் தூக்கி, மெதுவாக ஆட்டினார்.

டீக்கடையில் பார்த்தது என்னைத்தான் என்று இன்னும் இவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே ஓடினேன்.