சத்தம் போடாத வாளி

மாக்கிறேற் கிணற்றுக்குள் வாளியை இறக்குவதைப் பார்த்தால், தூங்கும் பிள்ளையைக் கிடத்துகிறாளோ என்று தோன்றும். கயிறு சாண் சாணாகப் போகும். வாளி தண்ணீரைத் தொட்டதும் மெல்லச் சரித்து மொண்டுகொள்வாள். கப்பி கிரீச்சிடக் கூடாதென்று அதற்கும் தேங்காயெண்ணெய்.

“என்னடி, சொந்தக் கிணத்திலை களவெடுக்கிறியோ?” என்பாள் பக்கத்து வீட்டுக் கத்தரீனா. ஊர்காவற்றுறைச் சந்தையில் மாக்கிறேற் மீன் விற்கிற சத்தம் துறைமுகம் வரை கேட்கும். அப்பேர்ப்பட்ட தொண்டைக்காரி தன் வீட்டு வளவுக்குள் மட்டும் குசுகுசுக்கிறாள்.

எல்லாம் மகனுக்காகத்தான். யாக்கோப்பு பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணிக்குத் தெரிவானபோது தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் இவள். புதியவர்களுக்கு அங்கே சீனியர்மார் வரவேற்புக் கொடுப்பார்களாம். வரவேற்பாம், வரவேற்பு! “தீவான்தானே, நீந்திக் காட்டடா” என்று இவன் கையைக் கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. தண்ணீர் ‘சளார்’ என்றால் போதும், கட்டிலுக்கடியில் புகுந்து மூச்சுக்குத் திணறி அலறுவான். சுற்றிவரக் கடலுள்ள ஊரில் அவனை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

போன கிழமை, பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர் பரமலிங்கம் கார் பிடித்து வந்து முற்றத்துக் கதிரையில் அமர்ந்தார்.

“அது சும்மா பகிடி, அம்மா. பெடியளுக்குள்ளை நடக்கிறதுதானே. தொட்டிக்குள்ளை வழுக்கி விழுந்தனான் எண்டு விசாரணையிலை உங்கட மகன் சொன்னால் எல்லாருக்கும் நல்லது.”

“சொல்லாட்டி?”

“பிறகும் அவையளோடைதானே படிக்கவேணும். நாங்கள் எந்த நேரமும் காவல் நிக்க ஏலாது.”

அவளும் பகிடிக்காரிதான், சந்தையில் பொலிசுக்காரரைக்கூடக் கேலி பண்ணாமல் விடாதவள். ஆனால் அந்தச் சொல்லை இந்த மனிதர் வாயில் கேட்கப் பொறுக்கவில்லை.

“பகிடியெண்டால் என்ரை பிள்ளையும் சிரிச்சிருப்பான், ஐயா” என்றாள். “அவன் உள்ளுக்கைதான் கிடக்கிறான். உங்கட பகிடியை ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ.”

கிணற்றடிக்குப் போனாள். வெறும் வாளியைக் கப்பிக்குக் கீழே தொங்கவிட்டு, மகன் கிடந்த அறை வாசலை ஒருதரம் பார்த்தாள். “மாதாவே” என்றாள். பிறகு கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, வாளி தண்ணீரில் விழுமுன் தன் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டாள்.