சிவப்புக்குக் கீழே நீலம்

எங்கள் வீட்டு முன்சுவரில் முதலில் எழுதியது நாங்கள் அல்ல. வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆள் சேலத்திலிருந்து பைக்கில் வந்து, எழுத்து வெட்டிய தகரத்தைச் சுவரில் வைத்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். 'இந்த வீடு எங்களிடம் அடமானத்தில் உள்ளது. தவணை பாக்கி.' நாகலூர் பஸ்ஸில் போகிறவர்கள் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து. பஸ்தான் அப்போது ஓடவில்லை.

ஊரடங்குக் காலம் அது. நான் எட்டாம் வகுப்பு. அப்பா சுற்றுலா வேன் ஓட்டுபவர். அடிவாரத்தில் தடுப்புப் போட்டுச் சுற்றுலா வருபவர்களை மலைக்கு விடாமல் நிறுத்தியதும் வேன் வாசலோடு நின்றது. பயணிகளுக்கு வாடகைக்கு விட என்று கடன் வாங்கிக் கட்டிய மாடி அறைகள் இரண்டும் பூட்டிக் கிடந்தன.

வருமானம் நின்றவர்கள் கேட்டால் சில மாதத் தவணையைத் தள்ளிவைப்பார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அம்மா அன்றே மனு எழுதினாள். மறுநாள் தபால் நிலையத்துக்கு நடந்துபோய், ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். நிறுவனத்தில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கு அடையாளமாக அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. பெயிண்ட் வந்தது.

அப்படி ஒரு மனு வரவே இல்லை என்றார் அந்த ஆள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை அழுத்தினாள். அவருக்குக் காப்பி கொடுத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று சுவரைப் பார்த்தாள்.

"தகரம் கோணலா இருக்குதுங்க. நேரா வெச்சு அடிங்க."

அவர் அடித்துவிட்டுத் தலை நிமிராமல் போனார். அப்பா, வேன் மேல் கட்டும் தார்ப்பாயைக் கொண்டுவந்து எழுத்தை மறைக்கப் பார்த்தார். இனி ரோட்டில் தலைகாட்ட முடியாது என்றார். அம்மா தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, கடன் வாங்குனது நெசந்தானே? அது இருக்கட்டும். மனு வரலைன்னாங்க பாருங்க, அதுதான் பொய். அதுக்குப் பதில எழுதிப் போட்டுருவோம்."

வேனுக்குக் கோடு போட வாங்கிய நீலப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. வீட்டில் நல்ல கையெழுத்து என்னுடையது. 'திருடர்கள்' என்று தொடங்குவதாக இருந்தேன். அம்மா விடவில்லை. "திட்டெல்லாம் வேண்டாங்கண்ணு. நடந்தத மட்டும் எழுது." அதனால் சிவப்புக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டு மனு அனுப்பியுள்ளோம்.' அதற்கு அடியில் அனுப்பிய தேதி, அவர்கள் வாங்கிய தேதி. 'சான்று வீட்டில் உள்ளது. பார்க்க விரும்புவோர் கதவைத் தட்டலாம்.'

முதலில் தட்டியவர் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான், தன் வீட்டுச் சுவரிலும் அதே சிவப்பு எழுத்து இருப்பதைச் சொன்னார். அதை மறைக்கத்தான் விறகை அடுக்கி வைத்திருந்தாராம். அடுத்து மாரமங்கலத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்தார். அதற்கடுத்து இரண்டு பேர். எல்லோருக்கும் மனுவை நான்தான் நகல் எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டை தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு மேனேஜரே காரில் வந்தார். நீலத்தை அழித்தால் சிவப்பையும் அழித்துவிடுவதாகச் சொன்னார்.

"மொதல்ல தவணையத் தள்ளிவெச்சதா கடுதாசி குடுங்க," என்றாள் அம்மா. "அப்புறம் உங்களுத நீங்க அழிங்க. எங்களுத நாங்க பாத்துக்கறோம். செவுரு எங்க ஊட்டுதுங்க."

மூன்றாம் நாள் முத்திரையோடு கடிதம் வந்தது. கொண்டுவந்தவர் அதே பைக் ஆள். இந்த முறை கையில் வெள்ளைப் பெயிண்ட். அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். வட்டி ஓடிக்கொண்டுதானே இருக்கும் என்று கேட்டாள். ஆமாம், கடைசியில் சேர்ந்துகொள்ளும் என்றார் அவர். அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. ஆனால் நான் சிவப்பு மறைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைந்ததும் ரோட்டுக்கு ஓடி, எங்கள் கடன் போய்விட்டது என்று கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். அம்மா என்னைத் திருத்தவில்லை.

தள்ளிவைத்த மாதங்கள் வட்டியோடு திரும்பி வந்து, கட்டி முடிக்கும் நாளை ஒரு வருடத்துக்கும் மேல் தள்ளிப் போட்டதைப் பல வருடம் கழித்துத்தான் கணக்குத்தாளில் பார்த்தேன்.

அன்று வெள்ளை காய்ந்ததும் அம்மா பிரஷ்ஷை என் கையில் கொடுத்து, அந்த இடத்தில் 'அறைகள் வாடகைக்கு' என்று எழுதச் சொன்னாள். அடிவாரத்தில் தடுப்பு அப்படியே இருந்தது. யார் வரப்போகிறார்கள் என்று சிரித்தேன்.

"எழுது சாமி. நொம்பப் பெருசா எழுது."

எழுதினேன். கடன்தான் போய்விட்டதே, அம்மாவுக்கு இன்னும் ஏன் இந்த அவசரம் என்று நினைத்துக்கொண்டே.