ஆத்தூர் வீட்டின் அடுப்படிச் சன்னல்

இன்னும் கட்டாத வீட்டை, கண்ணில் ஒரு கணினிக் கண்ணாடி மாட்டிக் காட்டுவது என் தொழில். இதைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. அதைத் திருத்தாமல் மேலே செல்வது அறமாகாது. மஸ்கட்டில் ஒருவரும் ஆத்தூரில் ஒருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டால், இருவரும் ஒரே வீட்டுக்குள் நிற்பதாக நினைக்கிறார்கள். கண்ணாடியோடு வரும் கைப்புத்தகமும் அதையே சொல்கிறது. அடிக்குறிப்பு விடாமல் அதைப் படித்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். வீடு கட்டும் கணவன் மனைவிக்கு நடுவில் நின்று பழகிய தோழர்கள் என் பக்கம் இருப்பார்கள்.

வெற்று மனை

சேகருக்கு மஸ்கட்டில் வேலை, மனை ஆத்தூரில். மனைவி தமிழரசி மனையில் நின்று கண்ணாடியை மாட்டியதும் செருப்பைக் கழற்றினார். வாசற்படி அங்கேதான் தெரிந்ததாம். அடுப்படியில் சேகரின் உருவம் வந்து நின்றது. தொலைவில் இருப்பவரின் தலை, மார்பு, கை மட்டுந்தான் இதில் தெரியும். தமிழரசி அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"இடுப்புக்குக் கீழ ஒண்ணையும் காணோம். அங்கிட்டு ஒழுங்காச் சாப்பிடுறீகளா இல்லையா?"

பலகை

வீடு மனையில் சரியாக உட்காரத் தரையில் ஓர் அடையாளப் பலகை நட்டிருப்போம். கண்ணாடிகள் அதைப் பார்த்துத்தான் வீட்டை நிறுத்தும். கொத்தனார் காளியப்பன் பூமி பூசைக்கு ஈசானி மூலை வேண்டுமென்று அதைப் பிடுங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மரியாதையாக வேறு பக்கம் நட்டுவிட்டார்.

அடுத்த முறை கண்ணாடி மாட்டினால் படுக்கையறைக்குள் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு. மனையில் நிற்பவருக்குக் கண்ணாடி வழியே உண்மைத் தரையும் தெரியும்; மஸ்கட்டில் இருந்த சேகருக்கு வீடு மட்டுந்தான், கிணறு தெரியாது. "நல்ல காத்தோட்டமான ரூம்" என்றபடி அதன் நடுவில் உலாவினார். தமிழரசி கண்ணை மூடிக்கொண்டார். நடந்ததை நான் விளக்கியதும் காளியப்பன் கேட்டார்:

"ஏன் அப்பு, பலகையப் பிடுங்கி நட்டா வீடே பின்னால வருதுன்னா, இது வீடா, தேரா?"

சன்னல்

அந்த வீட்டில் தமிழரசி தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று: அடுப்படியில் தெருப் பக்கம் ஒரு சன்னல். விரலால் சுவரில் கட்டம் போட்டால் சன்னல் வரும், போட்டார். சேகர் உள்ளங்கையால் தடவி அழித்தார். இவர் போட, அவர் அழிக்க, சந்திப்புகள் இப்படியே போயின. கடைசியாகக் கையை எடுத்தவர் சொன்னதே சரி என்பது அந்த மென்பொருளின் நீதி. போகிற வருகிறவனெல்லாம் எட்டிப் பார்ப்பான் என்றார் சேகர்.

"பாக்கட்டும், நானும் பாப்பேன்ல. நீங்க அங்கிட்டு இருக்கீக. நான் நாள் பூராம் சுவத்தையா பாத்துக்கிட்டு நிக்கிறது?"

சிக்னல்

ஒரு நாள் வாக்குவாதத்தின் நடுவே ஆத்தூரில் சிக்னல் போனது. சிக்னல் போனால் உருவம் மறையாது. கடைசியாக எப்படி நின்றதோ அப்படியே எதிர்முனையில் இருப்பவர் முன்னால் நிற்கும். தமிழரசி தலையைச் சற்றுச் சாய்த்து நின்றிருந்தார். அவரும் நானும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோனை உயர்த்திப் பிடித்தபடி மனையைச் சுற்றிக்கொண்டிருந்தோம். மஸ்கட்டில் சேகர் அந்த உருவத்திடம் பேசியிருக்கிறார். அவளைத் தனியே விட்டிருப்பதும், அதனால் தனக்குத் தூக்கம் பிடிக்காததும், எல்லாம். பேசி முடித்துச் சன்னலை அழித்து, வரைபடத்தைக் காளியப்பனுக்கு அனுப்பியும் விட்டார். சிக்னல் வந்ததும் என்னை அழைத்தார்.

"இன்னைக்குத்தான் சார் அவ குறுக்க பேசாம முழுசாக் கேட்டா."

மறுபடி

கேட்டது உறைந்த உருவம் என்று அடிக்குறிப்போடு விளக்கினேன். சேகர், "அனுப்புன பிளான் அப்படியே இருக்கட்டும் சார். சன்னல் பேச்ச எடுத்தா அம்புட்டையும் சொல்லணும், அவகிட்ட மறுபடி அத என்னால சொல்ல முடியாது" என்றார். சிக்னல் போன நேரத்தில் உங்கள் உருவத்திடம் அவர் மனம்விட்டு ஏதோ பேசியிருக்கிறார், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று தமிழரசியிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்து என்னிடம் திருப்பித் தந்தார்.

"நான் இல்லாதப்பத்தான் அவுகளுக்கு என்கிட்ட பேச வருது போல."

இரண்டு ஊர்களில் இருப்பவர்களை ஒரே அறையில் நிறுத்துவது வரைக்கும்தான் எங்கள் தொழில் முன்னேறியிருக்கிறது. வீடு கட்டிக் குடிபோயாகிவிட்டது; சன்னல் இல்லாத அடுப்படியில் தேங்காய் மூட்டைகளை அடுக்கிவிட்டு, தமிழரசி வாசலில் அடுப்பு வைத்துத் தெருவைப் பார்த்தபடி சமைக்கிறார்.