கன்னத்தில் அடக்கிய காப்பிக் கொட்டை

எண்பதுகளின் தொடக்கம். வருஷம் எனக்குச் சரியாக நினைவில்லை. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்து முடிந்து, களத்தில் கொட்டை காய்ந்துகொண்டிருந்த மாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் கூலி வேலை செய்துகொண்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

அவளுக்கு இருமல். கார்த்திகையில் பிடித்தது, தை போயும் விடவில்லை. மூச்சு விடும்போது கூடவே விசில் ஊதுவது போல ஒரு சத்தம். கொஞ்ச நாள் தேறுவாள், திரும்பக் காய்ச்சல் வந்துவிடும். எஸ்டேட் கம்பவுண்டர் சிவப்புத் தண்ணீர் மருந்து கொடுத்தார். மந்திரித்துக் கயிறு கட்டினோம். கடைசியில் டி.பி.யாக இருக்கும் என்று சொல்லி அதற்கான ஊசி போட ஆரம்பித்தார்கள். ஊசி போட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாக வீங்கி, மடியில் உட்காரவே அழுவாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடு ஏறி, பள்ளம் இறங்கி எனக்கு உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. என் வீட்டுக்காரர் மாரமங்கலம் பக்கம் மர வேலைக்குப் போய் வாரக் கடைசியில்தான் வருவார்.

அந்தச் சமயத்தில் எங்கள் ரைட்டர் சில பெண்களைக் கூப்பிட்டார். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதி வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். ஏரிக்கு மேலே எங்கள் முதலாளிக்கு வேண்டியவர்கள் ஓர் ஓட்டல் வைத்திருந்தார்கள். அங்கே பல தேசத்து டாக்டர்கள் கூடிப் பேசப் போகிறார்களாம். எல்லாரும் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்கிறவர்களாம். பாத்திரம் கழுவவும், அறை கூட்டவும் ஆள் போதவில்லை என்று எங்களை அனுப்பினார். விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாது, அவர்களிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பிள்ளையை எங்கே விடுவது? எஸ்டேட் பிள்ளைக் கொட்டகையில் இருந்த ஆயா, இருமுகிற பிள்ளையைச் சேர்த்தால் மற்றதுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எப்போதோ வேண்டாம் என்றுவிட்டாள். அதனால் கூடவே தூக்கிப் போனேன். ஓட்டலின் பின்பக்கம் படுக்கைத் துணி போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே அவளைப் படுக்க வைத்தேன். இருமல் வந்தால் துணியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அந்த வயதிலும் சொன்னதைக் கேட்கிற பிள்ளை அவள்.

என்னோடு வேலைக்கு வந்த ஓர் அக்கா இருந்தார். என்னைவிட மூத்தவர், எதற்கும் பயப்படாதவர். அந்த டாக்டர்கள் கார்களில் வந்து இறங்கியபோது பாதிப் பேர் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப்போய் இறங்கினார்கள். வந்ததும் வராததுமாக வராந்தாவில் நின்று சிகரெட் பிடித்தார்கள். சாம்பல் கிண்ணத்தைக் கொட்டிக் கொட்டி எங்களுக்குக் கை சலித்தது. "நெஞ்சு டாக்டருங்களாமே புள்ளே, மொதல்ல இவிங்க நெஞ்சை எவனாச்சும் திறந்து பார்க்கோணும்" என்று அந்த அக்கா சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்து அத்தனை நாளாகியிருந்தது.

அவர்கள் பேசுகிற பெரிய அறைக்குத் தண்ணீர் வைக்க ஒருமுறை உள்ளே போனேன். ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு இருட்டாக்கி, வெள்ளைத் துணியில் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். மனுஷனுடைய நுரையீரலாம். அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டு, அதைப் பற்றியே பேசிக்கொண்டு இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை மூட்டையில் முகத்தை வைத்து இருமிக்கொண்டிருக்கிறாள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. கடைக்காரரிடம் உப்பு கேட்கவே பின்னால் நின்று எல்லாரும் போன பிறகு கேட்கிற ஆள் நான். தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. சாப்பாடு முடிந்த நேரம். நான் துணி அறையில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. உயரமான ஒரு வெள்ளைக்காரர், வயசானவர். பின்பக்கம் காற்று வாங்க வந்தவர் இருமல் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். நான் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றேன். அவரைப் பார்த்ததும் பிள்ளை வீறிட்டாள். அவர் கிட்டே வரவில்லை. வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய் ஒரு தமிழ் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மா சேலத்தைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் காதுக்குழாயின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, அவள் நெஞ்சில் வைத்தார். ஒரு பக்கம் வைத்துக் கேட்டார், மறுபக்கம் கேட்டார், திரும்ப முதல் பக்கத்துக்கே வந்தார். ஒரு பக்கத்தில் காற்றே சரியாகப் போகவில்லை என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னார்.

இதற்குள், எங்கள் வேலையைப் பார்க்க ஓட்டலுக்கு வந்திருந்த எங்கள் ரைட்டர், விருந்தாளிகள் பின்பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தார். என்ன குற்றம் குறையோ என்று அவருக்கு வேர்த்துவிட்டது. பெரியவர் ஏதோ கேட்க, டாக்டரம்மா அதை என்னிடம் தமிழில் கேட்டார்.

"இருமல் வர்றதுக்கு முன்னாடி குழந்தை எதையாவது வாயில போட்டுதாம்மா? கடலை, புளியங்கொட்டை, காப்பிக் கொட்டை, இப்படி ஏதாச்சும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரைட்டர் பதில் சொல்லிவிட்டார். "அதெல்லாம் கிடையாதுங்க. எங்க எஸ்டேட்டுல கொழந்தைங்க பழத்தைத் தொடவே தொடாதுங்க."

எப்போதும் அப்படித்தான். எங்களைக் கேட்கிற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்வார். அவர் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருக்குத் தெரியக் கூடாது என்றுதானே நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காப்பிப் பழத்தின் தோல் இனிப்பாக இருக்கும். பறிப்புக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் செடிக்கு நடுவில்தான் கிடக்கும். பழத்தைப் பார்த்தால் சப்பாமல் இருக்குமா? ஆனால் பழத்தைத் தின்றால் திருட்டு என்று கணக்கு. சப்பித் துப்பிய கொட்டை செடிக்கு அடியில் கிடந்தால், அந்த வரிசையில் பறித்தவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. அதனால் நாங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று பழக்கியிருந்தோம். சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே துப்பாதே, கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள், அம்மா வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று. வாங்கிக் கூடையில் பழத்தோடு பழமாகப் போட்டுவிடுவோம். வரிசையில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் செய்தோம். என் மகளும் கன்னம் புடைக்க, பேசாமல், நான் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள்.

கார்த்திகையில் ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தவள் ஓணானைப் பார்த்துச் சிரித்தாள். புரையேறி முகம் கறுத்துவிட்டது. முதுகில் தட்டினேன், கொஞ்ச நேரத்தில் அழுதாள், மூச்சு வந்துவிட்டது. கொட்டை உள்ளே போயிருந்தால் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று அப்படியே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் இருமல் வந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அம்மா கேட்ட பிறகுதான் இரண்டும் சேர்ந்து நினைவுக்கு வந்தது.

டாக்டரம்மா ரைட்டர் சொன்னதைப் பெரியவருக்கு இங்கிலீஷில் சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டு எழுந்தார். டி.பி. மருந்தையே தொடர்ந்து கொடுங்கள், சேலத்துக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

நான் பேசினால் ரைட்டரைப் பொய்யர் ஆக்கியது போல ஆகும். வரிசையில் இருக்கிற அத்தனை பெண்களையும் காட்டிக்கொடுத்தது போலவும் ஆகும். எனக்கு மட்டுமா, எல்லாருக்கும் வேலை போகும். அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஏனுங்க" என்றேன். எனக்கே கேட்காத குரல். இன்னொரு தரம் கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன். அந்த அம்மா திரும்பினார்.

"தின்னுச்சுங்க. அது பழம் தின்னுச்சுங்க. கொட்டைய வாயிலயே வெச்சிருக்கச் சொன்னது நானுங்க. பொரையேறி மூஞ்சி கறுத்துப் போச்சுங்க. அதுக்கப்புறந்தானுங்க இருமல்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரைட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா வேகமாகப் பேச, பெரியவர் திரும்ப வந்து உட்கார்ந்தார். விரலைக் குவித்து, எவ்வளவு பெரிசு என்பது போலக் கேட்டார். எனக்குக் காட்டத் தெரியவில்லை. அப்போது ரைட்டர் சட்டைப் பையில் கையை விட்டார். களத்துக் கொட்டை காய்ந்துவிட்டதா என்று கடித்துப் பார்க்கிறவர், பையில் எப்போதும் நாலு கிடக்கும். ஒன்றை எடுத்துப் பெரியவர் உள்ளங்கையில் வைத்தார்.

உடனே கீழே போக வேண்டும் என்றார்கள். நெஞ்சைத் திறப்பீர்களா என்று கேட்டேன். இல்லை, மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. எடுக்கும்போது நழுவினால் ஆபத்துதான், எடுக்காமல் விட்டால் நுரையீரல் அழுகிப் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை என்னுடன் வந்த அக்கா எடுத்துக்கொண்டார்.

ஓட்டல் காரில் போனோம். அந்தப் பெரியவரும் வந்தார். அன்று சாயங்காலம் அவர்தான் பேச வேண்டியவராம், வேறு ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டாராம். மலை இறங்கும்போது அவருக்குத் திரும்பவும் தலை சுற்றிவிட்டது. வளைவில் காரை நிறுத்தச் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். யார் வாந்தி எடுத்தாலும் போய் நெற்றியைப் பிடித்துக்கொள்வது எங்கள் பழக்கம். பிள்ளையை டாக்டரம்மா மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போய் அவர் நெற்றியைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உடம்பெல்லாம் கூசியது. அவர் அப்படியே தலையைச் சாய்த்துக்கொண்டார். காரில் ஏறியதும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். அவரும் களைத்துத்தான் இருந்தார்.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் கொட்டை தெரியவில்லை. இந்த மாதிரிப் பொருள் படத்தில் விழாது, நீ சொன்னதை நம்பித்தான் உள்ளே பார்க்கப் போகிறோம் என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. நான் சொன்னது தப்பாக இருந்தால்? கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். கும்பிடக்கூடத் தோன்றவில்லை, உடம்பு அப்படிச் சோர்ந்துபோயிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டரம்மா கையில் ஒரு துணித்துண்டு இருந்தது. அதில் ஊறிப் பெருத்து, கறுத்துப் போய், மேல்தோல் கிழிந்து ஒரு காப்பிக் கொட்டை. என் மகள் இத்தனை மாதமும் எனக்காகத் துப்பாமல் வைத்திருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பெரியவர் அதைத் தன் ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாராம். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டுவாராம். என்னிடம் ஒருவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பெயர்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராது.

மறுநாள் மத்தியானம் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. நான் பதறிப் போய் நர்ஸைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் தூங்குது, நீங்களும் தூங்குங்கம்மா என்றாள். விசில் சத்தம் இல்லாமல் அவள் மூச்சு விடுவது எனக்கு மறந்தே போயிருந்தது.

எஸ்டேட்டுக்குத் திரும்பியபோது வேலை இருக்காது என்று நினைத்துத்தான் போனேன். ரைட்டர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்ம எஸ்டேட்டுக் கொட்டைய வெள்ளைக்காரன் கொண்டு போயிட்டானாமே அம்மிணி" என்றார். சிரித்தாரா, இல்லையா என்று தெரியவில்லை. களத்துக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அடுத்த பறிப்பில் செடிக்கு அடியில் கொட்டை கிடக்கிறதா என்று அவர் குனிந்து பார்க்கவில்லை. நாங்களும் பிள்ளைகளை உடனே துப்பச் சொல்லிப் பழக்கினோம்.

என் மகளுக்கு இப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இதே மலையில் கொட்டச்சேடு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறுகிறாள். நான்தான் பாதியில் நின்று நின்று போகிறேன். என் கூச்சம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. ஆனால் என் பிள்ளையைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், எவ்வளவு மெதுவாகவாவது, அதற்குப் பதிலை நானே சொல்லிவிடுகிறேன்.