வெள்ளிக்கிழமைக் குளியல்

அக்காவின் மகள் இறந்த பிறகு எல்லோரும் அக்காவுக்கு மருந்து சொன்னார்கள். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நியாலாஸில் அவள் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கோயிலையோ சாமியாரையோ கையோடு கொண்டு வந்தார்கள். "மனச தேத்திக்கணும்மா, வேற என்ன செய்ய" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோப்பைகளைக் கழுவும்போது வேண்டுமென்றே சத்தம் எழுப்புவேன்.

மகள் மோட்டார்சைக்கிளில் ஃபேக்டரி வேலைக்குப் போனவள். செம்பனைப் பழம் ஏற்றிய லோரி மோதி, வழியிலேயே முடிந்துவிட்டது. அத்தானும் பழ லோரி ஓட்டியவர்தான். காரியம் முடிந்த மறுநாள் சாவியைக் கொண்டுபோய் எஸ்டேட் ஆபிசில் கொடுத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். அக்கா உட்காரக்கூட இல்லை, படுத்தே கிடந்தாள். கை மட்டும் சும்மா இருக்காது. தலையணை உறையின் ஓரத்து நூலை இழை இழையாகப் பிரித்துக்கொண்டே இருப்பாள். மகளுக்கு இடுப்பைத் தாண்டிய முடி. வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் வைத்து, தலைக்கு ஊற்றி, சாம்பிராணிப் புகையில் உலர்த்திப் பின்னிவிட்ட கை அது. இப்போது அதற்கு வேலை இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

நாய் வாங்கலாம் என்று சொன்னது நான்தான். அதிலும் முடி நீளமான, மடியில் அடங்குகிற ஷிட்ஸு. தினமும் சீவாவிட்டால் அந்த முடி தோலோடு சிக்குப் பிடித்துவிடும் என்று என் ஆபிசில் ஒருத்தி அலுத்துக்கொள்வாள். அவளுக்குத் தொல்லையாக இருந்தது எனக்கு மருந்தாகப் பட்டது.

"வீட்டுக்குக் காவலுக்குன்னா ஊர்ல சுத்தற கம்பத்து நாய் ஒண்ணு போதுமே" என்றார் அத்தான்.

"காவலுக்கு இல்ல அத்தான், சீவி விடறதுக்கு" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். ஆனாலும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார்.

டவுனுக்கு வெளியே ஒரு சீன அம்மா வீட்டிலேயே குட்டி வளர்த்து விற்றார். அக்கா காரை விட்டு இறங்கவில்லை. குட்டிகளைப் பார்த்த அத்தான், "இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. குட்டி தூங்கும்போது மூச்சைக் கேட்டுப் பார்க்க வேண்டும், மூக்குத் துளை அகலமாக இருக்க வேண்டும், இந்த ஜாதிக்குச் சூடு ஆகாது என்றெல்லாம் அந்த அம்மா மலாயில் விளக்கினார். நல்ல குட்டி ஒன்றைத் தனியாக எடுத்தும் வைத்தார். ஆனால் அத்தான் குறட்டை விட்டுத் தூங்கிய இன்னொன்றைச் சும்மா காட்டுவதற்காக அக்காவின் மடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். "அதுக்கு மூக்கு சின்னது, வேண்டாம்" என்று அந்த அம்மா ஓடி வருவதற்குள் அக்காவின் விரல்கள் அதன் முடிக்குள் போய்விட்டன. அதை யார் பிடுங்குவது?

அக்கா எழுந்தாள். காலையில் ஈரப் பஞ்சால் அதன் கண்ணோரம் துடைப்பாள். பிறகு அகலப்பல் சீப்பு, அடுத்து நெருக்கப்பல் சீப்பு. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் விழும் சிக்கை விரலாலேயே பிரிப்பாள். கண்ணில் விழும் முடியை உச்சியில் சேர்த்து ரப்பர் பேண்ட் போடுவாள். திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறும் கட்டினாள். நாய்க்குச் சீவினவள் அப்படியே தன் தலையையும் வாரிக்கொண்டாள். அத்தானுக்கு மறுபடி ரசம் கிடைத்தது. ஒருநாள் அவள் அதைப் "பாப்பா" என்று கூப்பிட்டாள். மகளைக் கூப்பிட்ட பெயர். அத்தான் எழுந்து வெளியே போனார். நான் தடுக்கவில்லை, அவள் சாப்பிடுகிறாளே.

நான் குடியிருந்த கிளேபாங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போவேன். நாயின் மேல் சாம்பிராணி வாசம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்ட புகை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆபிசில் இருக்கும்போது அத்தான் போன் செய்தார். "இங்க வா. நாய் டாக்டர்கிட்ட இருக்கேன்." நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மேசைமேல் கிடந்த நாயின் நாக்கு நீலம் பாரித்திருந்தது. முடி மட்டும் அவ்வளவு பளபளப்பு. ஒரு சிக்கு இல்லை.

டாக்டர் சின்னப் பெண். வீட்டில் புகை இருந்ததா என்று கேட்டார். அத்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார். பெண் பிள்ளை என்பதால் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். குளித்ததும் சளி பிடிக்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்துவது. ஓடாமல் இருக்கத் துணிக் கூடையைக் கவிழ்த்து நாயை உள்ளே விடுவது. கூடை ஓரத்தில் தணலில் சாம்பிராணி. நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குச் செய்வதுதான். தும்மினால், "சளி வெளிய வருது, நல்லது" என்பாளாம்.

இந்த மூக்குக்கு நல்ல காற்றே பாதிதான் உள்ளே போகும் என்றார் டாக்டர்.

கார் அருகே அத்தான் என் கையைப் பிடித்தார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதே இல்லை. "அவகிட்ட சொல்லிடாதே. தாங்க மாட்டா. ஹார்ட்டுன்னு சொல்லிடுவோம்லா."

ஹார்ட் என்றே சொன்னோம். அக்கா நீண்ட நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிறவியிலேயே அப்படின்னா நாம என்ன செய்ய முடியும்" என்றாள். அந்தப் பொய்யில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அவள் மறுபடி படுத்துவிடவில்லை, எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சில மாதம் கழித்து அவளே இன்னொன்று கேட்டாள். அத்தான் சந்தோஷத்தில் என்னிடம்கூடச் சொல்லாமல் போய் வாங்கி வந்துவிட்டார். அதே சீன அம்மா வீடு, அதே ஜாதி. வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் எனக்கு உறுதியும் கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆபிசுக்கு லீவு போட்டுவிட்டு நியாலாஸுக்குக் கிளம்பினேன்.

உள்ளே நுழையும்போதே ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அத்தான் பாசாருக்குப் போயிருந்தார். மீன் வாங்கி வரச்சொல்லி அக்காதான் அனுப்பியிருந்தாள். குளித்து ஈரம் சொட்டிய குட்டி கவிழ்த்த கூடைக்குள் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தூபக்காலில் தணல் சிவந்திருந்தது. அக்கா விரல் நுனியில் சாம்பிராணித் தூளை எடுத்திருந்தாள்.

நான் தூபக்காலைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டேன். அது சீறி அடங்கியது. என் விரல்கள் பொத்துப்போயின. "உனக்கு அறிவே இல்லையா!" என்று கத்திவிட்டேன். பிறகு எல்லா ஜன்னல்களையும் ஓடி ஓடித் திறந்தேன்.

அக்கா அசையவில்லை. நீராவி எழுகிற வாளியைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். பிறகு என்னை.

"டாக்டர் ஹார்ட்டுன்னு சொல்லலயா?"

நான் வெந்த விரல்களை உதறிக்கொண்டு வாசலைப் பார்த்தேன். மீன் பையோடு வந்த அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து அவள் மிச்சத்தையும் தெரிந்துகொண்டாள்.

அவள் அழவில்லை. கூடையைத் தூக்கி, குட்டியை எடுத்து, துண்டால் அதன் ஈரத்தை மெதுவாகத் துடைத்தாள். காது மடலுக்குள்கூட விடாமல் துடைத்தாள். பிறகு என் மடியில் வைத்தாள்.

"நீ கொண்டு போ. என் கை படவேணாம்."

எவ்வளவோ கெஞ்சினோம். தெரியாமல் செய்தது என்றோம். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

குட்டி இப்போது கிளேபாங்கில் என்னோடு இருக்கிறது. நன்றாக வளர்ந்துவிட்டது. முடியை ஒட்ட வெட்டிவிட்டேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அக்கா ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. அத்தான் போனில் பேசும்போது பின்னால் சத்தமே இருக்காது. அவள் மறுபடி படுத்துவிட்டாள் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் அவளே போன் செய்வாள். நலம் விசாரிக்க மாட்டாள்.

"குளிப்பாட்டிட்டியா?"

"ஆச்சுக்கா."

"ஜன்னல் திறந்திருக்கா?"

"திறந்திருக்கு."

நான் சொன்ன பிறகும் அவள் போனை வைக்க மாட்டாள். நான் போனைக் குட்டியின் மூக்கருகே கொண்டுபோய்ப் பிடிப்பேன். அது மூச்சு விடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.