குமிழியின் சுவரில் ஒரு நெளிவு

எங்கள் இயற்பியல் துறையில், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஆராய்ச்சியாளருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் குமிழி. பக்கத்து மேசைக்காரன் என்பதால் அந்தக் குமிழிக் கதையைக் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன். காலியாகத் தெரியும் வெளி, ஆற்றலின் அடிமட்டத்துக்கு இன்னும் இறங்காமல் நடுவில் தங்கி நிற்கலாம். எங்கோ ஒரு புள்ளி இறங்கிவிட்டால் அங்கே குமிழி பிறந்து, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் விரிந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு போகும். அதன் சுவரில் சின்ன நெளிவு விழுந்தால் பெருகுமா, அடங்குமா? இந்தக் கேள்வியோடு அக்கா ஒன்பது வருடம் மல்லுக்கட்டினார்.

பெருகும் என்று கட்டுரை எழுதிப் பெயரும் வாங்கினார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அந்தக் கட்டுரையில் ஓர் ஓட்டை இருந்தது. நெளிவு வளர்வதைக் கணக்கிட்டவர், குமிழி அதைவிட வேகமாக வளர்வதைக் கவனிக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் நெளிவு ஒன்றுமில்லாமல் போகிறது, குமிழி உருண்டு திரண்டுகொண்டே விரிகிறது. போன வருடமே கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று, போட்டியில் நாங்கள் இருவர். சமயம் பார்த்துத் தேர்வுக்குழுவில் யார் காதிலாவது போடலாம் என்று பொத்தி வைத்திருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

நேர்காணலுக்கு முந்தின மதியம் அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, பெரிய தப்பு பண்ணிட்டேன்."

தாளை நீட்டினார். அதே ஓட்டை. அவர் வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா, பள்ளிக்கூடம் போகும் மகள், ஒற்றைச் சம்பளம். எனக்கே மனசு கேட்கவில்லை.

"யாருக்குக்கா தெரியப்போகுது? வேலை கைக்கு வரட்டும், அப்புறம் திருத்திக்கலாம்."

"நாளைக்கு அவங்க கேட்டா பெருகும்னு சொல்லணுமா? எனக்கு வாய் வராதுப்பா."

மறுநாள் அவரே பலகையில் எழுதி, தன் முடிவைத் தானே உடைத்துக் காட்டினார். குழுவினர் பாராட்டினார்கள். வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

மேசையைக் காலி செய்யும்போது அக்கா என் தோளைத் தட்டினார்.

"நல்லா இரு தம்பி. ஒரே ஒரு வருத்தம். அந்தக் கட்டுரையை அப்பவே உன்கிட்ட கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கணும். நீ பார்த்திருந்தா உடனே சொல்லியிருப்ப."

"ஆமாக்கா," என்றேன்.