வெள்ளைப் பூவும் இரண்டு ஹெட்போனும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துச் சில வருஷம் ஆகிவிட்டது. காதில் மாட்டுகிற ஒரு சாமானுக்காகச் சாமியைத் தொந்தரவு செய்ததை எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு தடவையும் எழுந்துவிடுவேன். படிப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை, மாரியம்மனைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதே என்றுதான் பயம். படிப்பும் எனக்கு அவ்வளவாக இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். தறி ஓடினால் சுவரில் மாட்டிய சாமி படங்கள் லேசாக ஆடும். எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்துப் பிறகு வருகிறோம் என்று எழுந்தார்கள். விளக்கிச் சொல்லி உட்கார வைத்தோம்.

மருமகன் ரிக் வண்டியில் போர்வெல் போடுகிறவர். வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். அதனால் மகள் கைக்குழந்தையோடு எங்களிடம் இருந்தாள். அவளுக்கு வீட்டிலிருந்தே போனில் பேசுகிற வேலை ஒன்று வந்தது. கம்பெனியில் லேப்டாப் அனுப்பினார்கள், கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். மேனேஜர் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார். பின்னால் இரைச்சல் கேட்டால் பெங்களூர் ஆபீசுக்கு வந்துதான் வேலை செய்ய வேண்டும். அப்படிப் போவதென்றால் பால்குடி மறக்காத பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். மகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தூசி இல்லாத லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சோதனை நேரத்துக்கு மட்டும் தறியை நிறுத்திவிடு என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். மறுநாள் தறி ஓடத்தானே போகிறது, சாமி கும்பிடுகிறவன் சோதனைக்கு ஒரு மாதிரி, வேலைக்கு ஒரு மாதிரி நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதற்கு மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இரைச்சலுக்கு என்ன வழி என்று மருமகனிடம் போனில் கேட்டோம்.

"ஒயர் இல்லாத பெரிய ஹெட்போனாப் பாத்து வாங்குங்க மாமா. சத்தத்தையே தின்னுருமுங்க. இங்க கம்ப்ரஸர் ஓடறப்ப எங்க மொதலாளி அதை மாட்டிக்கிட்டுத்தான் தூங்கறாருங்க."

எடப்பாடியில் செல்போன் கடை வைத்திருப்பவர் எங்களுக்கு உறவுமுறை. அவர் இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார். ஒன்று மருமகன் சொன்ன கறுப்பு ஹெட்போன். விலையைக் கேட்டு என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். இன்னொன்று ஒயர் வைத்த வெள்ளை ஹெட்செட், மலிவு. வாய்க்கு நேராக ஒரு குச்சியில் மைக் நீட்டிக்கொண்டிருந்தது.

கறுப்பில் மாதிரிக்கு வைத்திருந்ததை என் காதில் மாட்டிவிட்டார். கடைத்தெருவே அடங்கிவிட்டது. ஒரு பஸ் டிரைவர் வாயைத் திறந்து யாரையோ திட்டுவது தெரிந்தது, திட்டு கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் என்று முடிவு செய்தேன். மனைவி ஒப்பவில்லை. ஒயர் இல்லாமல் பேச்சு எந்த வழியாகப் போகும் என்பது அவள் கேள்வி.

கடைக்காரர் இரண்டையும் எடுத்துப்போய்ப் பார்க்கச் சொன்னார், வேண்டாததை டப்பா பிரிக்காமல் கொண்டுவர வேண்டும். டப்பாவைப் பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? அதனால்தான் அம்மனிடம் போனோம்.

எங்கள் பக்கம் கல்யாணம், கிணறு எதுவானாலும் பூக்கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்றும் செவ்வரளி ஒன்றும் தனித்தனியே வெற்றிலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். எதற்கு எந்தப் பூ என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், எங்கள் கோயிலில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பூசாரி கண்ணை மூடி ஒரு மடிப்பை எடுத்துக் கொடுப்பார்.

வெள்ளை வந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மனைவியும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் விஷயம் தெரிந்தது.

"பாத்தீங்களா, ஆத்தா ஒயரு வெச்சதையே குடுத்துட்டா."

"வெள்ளைன்னா ஒயர் இல்லாதது. நல்லதுக்கு வெள்ளைன்னு நெனச்சேன்."

"ஏனுங்க, வெள்ளைச் சாமானு வெள்ளை டப்பாவுல கெடக்குது. கறுப்புக்குப் போயி யாராச்சும் வெள்ளைப் பூவு வெப்பாங்களா?"

திரும்பிப் போய்ப் பூசாரியிடம் இன்னொரு தடவை கேட்கச் சொன்னோம். அவர் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"ஆத்தா ஒருக்காத்தான் சொல்லுவா சாமி. புருசனும் பொண்டாட்டியும் ஊட்டுலயே பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கோணும்."

குடும்பத் தலைவன் நினைத்ததுதான் செல்லும் என்று கறுப்பு டப்பாவைப் பிரித்தேன். மனைவி தடுக்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. மகள் முகம் தெளிந்தது. அவர் பேச்சு பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கிறது என்று எங்களுக்குச் சைகை காட்டினாள். பிறகு அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் ரயிலிலா இருக்கிறீர்கள் என்று கேட்டாராம். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிடுகிறேன், அப்போதும் இப்படித்தான் என்றால் பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று வைத்துவிட்டார்.

இரைச்சல் என்றால் எங்களுக்குக் காதில் விழுவது. அது அடுத்தவர் காதுக்கும் போகும் என்று தறிக்கூடத்தில் வளர்ந்த நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. கறுப்பு ஹெட்போன் மகளுடைய காதைத்தான் மூடியது. அதன் மைக் காதோரமாக இருந்துகொண்டு தறி ஓசையையும் சேர்த்து அள்ளி அனுப்பியிருக்கிறது.

பிள்ளை அழ ஆரம்பித்தது. நான் தறி சுவிட்சை நோக்கி எழுந்துவிட்டேன். சொன்ன வார்த்தை என்ன ஆவது என்றெல்லாம் அப்போது நினைக்கவில்லை. எனக்கு முன்னால் மனைவி எழுந்து, வெள்ளை டப்பாவைப் பல்லால் கடித்துப் பிரித்து, ஒயரை மகள் கையில் கொடுத்தாள்.

"வாய்க்கிட்ட இழுத்து வெச்சுப் பேசு கண்ணு."

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். மகள் மைக்கை உதட்டோரம் வைத்துக்கொண்டு பேசினாள். இப்போது ரயிலை விட்டு இறங்கிவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லீங்க சார், அதே ரூம்தான் என்றாள். அந்த மலிவு ஹெட்செட் காதை மூடாது, அவளுக்குத் தறி ஓசை முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் பிறந்தவளுக்கு அந்த ஓசைக்கு அடியில் வருகிற பேச்சைப் பிடிக்கத் தெரியும். அரைமணி நேரம் பேசினார்கள். ஒரு வார்த்தையைக்கூடத் திருப்பிச் சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. வேலை நிலைத்தது. பிள்ளையும் தாயிடமே இருந்தது.

கறுப்பைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் அதை மாட்டிக்கொண்டு சாமி கும்பிட்டுப் பார்த்தேன். தறி ஓசை இல்லாமல் எனக்குக் கும்பிட வரவில்லை. மருமகனுக்கு அனுப்பிவிட்டேன்.

இப்போது ஊரில், அம்மன் என் கனவில் வந்து கம்பெனி பெயரைச் சொன்னாள் என்று ஒரு பேச்சு. சிவப்புப் பூ கொடுத்தாள், நான் மீறினேன் என்று இன்னொன்று. எங்கள் அம்மன் காட்டிய ஹெட்செட் என்று கடைக்காரரே சொல்லி வியாபாரம் செய்கிறார். நீங்கள் யாரிடமாவது சொன்னால் இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவள் கொடுத்தது வெள்ளைப் பூ. சரியாகத்தான் கொடுத்தாள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் மனைவி பல்லால் கடித்துப் பிரித்ததை மட்டும் விட்டுவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். அதுவும் இருக்கட்டும் என்றாள்.